ராக்காவல் டார்ச் தூரம் அடிக்கலையா? கோளாறு எங்கன்னு பாத்து சரி பண்றது

மலையடிவாரத்துல மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளின்னு போட்டிருக்கறவங்களுக்கு ராத்திரி காவல் இல்லாம வெள்ளாமை வீடு வந்து சேராது. தாளவாடி, சத்தியமங்கலம், தொண்டாமுத்தூர், தேன்கனிக்கோட்டை, தெக்க கடையம் பக்கம் வரைக்கும் இதே கதைதான். பரண்ல உக்காந்திருக்கறவர் கையில ஒரு லாங் ரேஞ்ச் டார்ச் இருக்கும், அது சரியா அடிக்கலைன்னா ஒடனே புதுசு ஒண்ணு ஆர்டர் போடுவார், புதுசும் அதே மாதிரி கோளாறு பண்ணும், ஏன்னா கோளாறு என்னன்னு யாரும் பாக்கறதே இல்ல. அதனால இங்க ஒவ்வொரு கோளாறா எடுத்து, எப்படி கண்டுபிடிக்கறது, எது சரி பண்ண முடியும், எதுக்கு நிஜமாவே வேற லைட் வாங்கணும்னு எழுதறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. ராத்திரி வேட்டைக்கு எந்த லைட் நல்லதுன்னும் நெறைய பேர் கேக்கறாங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நம்ம நாட்டுல முயலு, மானு, பன்னி எதையும் வேட்டையாட முடியாது, காட்டுப்பன்னி தொல்லைன்னாலும் தமிழ்நாட்டுல சுடற அதிகாரம் வனத்துறைக்குத்தான். சொந்தத் தோட்டத்துல நின்னாலும் வேட்டைக்குன்னு துப்பாக்கியோ சுருக்குக் கம்பியோ எடுத்தா கேஸ்தான். நான் சொல்றது எல்லாம் தூரத்துலயே பாக்கறதுக்கும் வெரட்டறதுக்கும் மட்டும்.

பெட்டியில 1 கிலோமீட்டர்னு போட்டிருக்கு, 100 மீட்டர்ல கூட ஒண்ணும் தெரியல

அதிகம் வர்ற புகார் இதுதான், இதுல பாதி லைட்டோட தப்பு, பாதி நம்ம அந்த நம்பரைப் புரிஞ்சுக்கற விதத்தோட தப்பு. டார்ச்சுக்குன்னு ஆன்சி எஃப்எல்1னு (ANSI FL1) ஒரு அளவுகோல் இருக்கு, 2009ல வந்தது. அதுப்படி ரேஞ்ச்னு சொல்றது, லைட்டோட வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு எறங்கற தூரம். லக்ஸ்ங்கறது ஒரு எடத்து மேல விழற வெளிச்சத்தோட அளவு. 0.25 லக்ஸ்ங்கறது மேகமில்லாத பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. அந்த வெளிச்சத்துல 1 கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம் நிக்கற கறுத்த பன்னிய யாரால பாக்க முடியும்? அதனால ஒழுங்கான கம்பெனி போட்ட நம்பரா இருந்தாலும் அதை நாலால வகுத்துக்கங்க. தூரம் கால்வாசி ஆனா வெளிச்சம் 16 மடங்கு, அதாவது 4 லக்ஸ் ஆயிடும், அந்த அளவு இருந்தாத்தான் செடிக்கு நடுவுல ஒரு உருவம் நிக்குதுன்னு தெளிவா சொல்ல முடியும்.

அடுத்து லூமன். கடைக்காரர் 10,000 லூமன்னு சொல்லுவார், நாமளும் மயங்கிடுவோம். லூமன்ங்கறது லைட்டுல இருந்து வெளிய வர்ற மொத்த வெளிச்சம், தூரத்துக்குத் தேவை கேண்டலா, அதாவது ஒரு திசையில எவ்வளவு அடர்த்தியா போகுதுங்கறது. ஹோஸ் பைப்ல வர்ற தண்ணி அதேதான், நுனிய விரலால அமுக்கினா எட்டிப் போய் விழுகுது இல்லையா, அந்த மாதிரி. கணக்கு சுலபம்: கேண்டலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து ரெண்டால பெருக்கினா ரேஞ்ச் மீட்டர்ல வந்துடும். 10,000 கேண்டலான்னா 200 மீட்டர், 40,000னா 400 மீட்டர், 1,60,000னா 800 மீட்டர். ரேஞ்ச் ரெண்டு மடங்காக கேண்டலா நாலு மடங்கு வேணும், அதான் இதுல இருக்கற கஷ்டமே. 5 கிலோமீட்டர்னு ஒரு லைட் மேல எழுதியிருந்தா அதுக்கு 62 லட்சத்து 50 ஆயிரம் கேண்டலா வேணும், உள்ளங்கை அளவு டார்ச்ல அது வரவே வராது, அந்தப் பெட்டிய அப்படியே கீழ வெச்சுட்டு வந்துடலாம்.

உங்ககிட்ட இருக்கற லைட்டை நீங்களே அளந்து பாக்கலாம். போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் ஒண்ணு போட்டுக்கங்க, ராத்திரி களத்துல 10 மீட்டர் டேப் புடிச்சு அளந்து போனை ஒரு பக்கம் நட்டமா நிறுத்தி வெச்சு மறுபக்கத்துல இருந்து நடு வெளிச்சம் போனோட முன்பக்க கேமரா ஓரம் விழற மாதிரி அடிங்க, சென்ஸார் அங்கதான் இருக்கும். வந்த அதிகபட்ச லக்ஸை 100ஆல பெருக்கினா கேண்டலா. 400 லக்ஸ் காட்டுச்சுன்னா 40,000. போன் சென்ஸார் துல்லியம் கிடையாது, ஆனா பக்கத்து தோட்டத்துக்காரர் லைட்டையும் அதே போன்ல அளந்து பாத்தா எது நல்லதுன்னு சந்தேகமில்லாம தெரிஞ்சுடும்.

கேண்டலா கம்மியா வந்தா லைட்டோட மூஞ்சியப் பாருங்க. உள்ள மூணு நாலு எல்இடி கொத்தா இருந்தாலோ, ஒரே எல்இடியா இருந்தும் பெரிய மஞ்சச் சதுரமா இருந்தாலோ அது பரந்து அடிக்கற லைட், களத்துல வேலை பாக்கவும் மாட்டுக்கொட்டாய்க்கும் அருமையா இருக்கும், தூரத்துக்கு ஆகாது. பி70, பி90ன்னு விக்கறதெல்லாம் இந்த ரகம்தான். தூரம் அடிக்க எல்இடி சின்னதா இருக்கணும், அதுக்கு முன்னாடி இருக்கற கண்ணாடிக் கிண்ணம் அகலமாவும் ஆழமாவும் இருக்கணும். ஓஸ்ராம் டபிள்யூ1, டபிள்யூ2, லூமினஸ் எஸ்எஃப்டி40 மாதிரி எல்இடி போட்ட லைட்டுங்க லூமன் கம்மியா காட்டும், ஆனா தூரத்துல அதுங்கதான் நிக்கும். இழுத்து ஜூம் பண்ற லைட்டா இருந்தா செவுத்துல எல்இடியோட சதுர உருவம் கோடு கோடா தெளிவா விழற வரைக்கும் இழுங்க, அதுதான் சரியான போகஸ், அப்பவும் தூரம் போகலைன்னா அந்த லைட்டோட அளவு அவ்வளவுதான்.

நம்ம தோட்டத்துக்கு எவ்வளவு வேணும்னு இப்ப கணக்குப் போட்டுறலாம். 5 ஏக்கர் சதுரமா இருந்தா ஒரு பக்கம் 142 மீட்டர் வரும். நடுவுல பரண் இருந்தா மூலைக்கு 100 மீட்டர், அங்க 4 லக்ஸ் வேணும்னா 40,000 கேண்டலா போதும். பரண் ஒரு மூலையில இருந்தா எதிர் மூலை 200 மீட்டர், அதுக்கு 1,60,000 வேணும். பரணை நடுவுக்கு மாத்தறது புது லைட் வாங்கறதை விட சல்லிசு, இதை யோசிச்சுட்டு காசை எடுங்க.

மொதல்ல நல்லா அடிக்குது, ரெண்டு மூணு நிமிஷத்துல மங்கிடுது

தலைப்பகுதியத் தொட்டுப் பாருங்க. நல்லா சுடுதுன்னா லைட் தன்னைக் காப்பாத்திக்க தானா எறங்கி இருக்கு, அது கோளாறே இல்ல. அணைச்சுட்டு மறுபடி போட்டா பழையபடி பிரகாசமா வரும், இதை வெச்சு உறுதி பண்ணிக்கலாம். சூடே இல்லாம மங்குதுன்னா பேட்டரியால கரண்ட் குடுக்க முடியல, அடுத்த தலைப்புக்குப் போங்க.

சூட்டால எறங்கற லைட்டுல டர்போவ, அதாவது அதிகபட்ச வெளிச்ச மோடை, விட்டுட்டு ஒரு படி கீழ வெச்சு ஓட்டுங்க. வெளிச்சம் பாதியா கொறைஞ்சா தூரம் பாதியாகாது, 100க்கு 70 பங்கு நிக்கும். 600 மீட்டர் லைட் 420 மீட்டர் அடிக்கும், பேட்டரியோ ஏறக்குறைய ரெண்டு மடங்கு நேரம் வரும். விடிய விடிய காவல் இருக்கறவங்களுக்கு இதை விட லாபம் வேற இல்ல. டர்போவ சந்தேகம் வந்த எடத்துல அடிச்சுப் பாக்க மட்டும் வெச்சுக்கங்க.

முழு சார்ஜ் போட்டும் ஒரு மணி நேரம் தாங்கல

18650 செல் போட்ட லைட்டா இருந்தா செல்லைக் கழட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. எவ்வளவு சார்ஜ் புடிக்கும்ங்கற அளவு 9900 எம்ஏஹெச்னு இருந்தா அது பொய், சந்தேகமே வேண்டாம். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், இவ்வளவு எடத்துல நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான் வரும், அதை விட பெரிய 21700 செல்லு 5000 பக்கம். மளிகைக் கடை டிஜிட்டல் தராசுல செல்லை மட்டும் வெச்சுப் பாருங்க, நல்ல 18650 செல்லு 45 கிராமுக்கு மேல இருக்கும். 30, 35 கிராம்னு காட்டுச்சுன்னா உள்ள சரக்கே இல்லைன்னு அர்த்தம், என்ன சார்ஜ் போட்டாலும் நேரம் வராது.

எடை சரியா இருந்தும் நிக்கலைன்னா மல்டிமீட்டர். முழு சார்ஜ் ஆன செல்லு 4.2 வோல்ட் காட்டணும். கழட்டி வெச்சு மறுநாள் காலையில பாத்தா 4.1க்கு மேல நிக்கணும், 4க்கு கீழ எறங்கியிருந்தா செல்லு வயசாயிடுச்சு. 2.5க்கு கீழ போன செல்லை ஏத்தி மறுபடி பயன்படுத்த வேண்டாம், ஒறை கிழிஞ்சது, நசுங்கினது, வீங்கினது எதுவா இருந்தாலும் தயவு பண்ணி தூக்கி வெச்சுடுங்க, லித்தியம் செல்லு தீப்புடிச்சா பரண்ல ஓலைக்குக் கீழ உக்காந்துட்டு ஒண்ணும் பண்ண முடியாது.

புது செல் வாங்கறப்ப ரெண்டு விஷயம். ஒண்ணு, சாம்சங், எல்ஜி, பானசோனிக், மாலிசெல் மாதிரி செல்லை நம்பகமான கடையில வாங்குங்க, பேர் மட்டும் ஒட்டின போலி நெறைய சுத்துது, அதுக்கும் தராசுதான் மருந்து. ரெண்டு, தலை தட்டையா இருக்கற செல்லும் குமிழ் வெச்ச செல்லும் வேற வேற, பாதுகாப்பு சர்க்யூட் வெச்ச செல்லு நாலஞ்சு மில்லிமீட்டர் நீளமாவும் இருக்கும், பழைய செல்லைக் கையில எடுத்துட்டுப் போய் பக்கத்துல வெச்சுப் பாத்து வாங்குங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. பக்கவாட்டுல சுவிட்ச் வெச்ச லைட்டுங்க அணைச்சு வெச்சாலும் கொஞ்சம் கொஞ்சமா செல்லைக் குடிச்சிட்டு இருக்கும். பகல்ல வால் மூடிய கால் சுத்து தளர்த்தி வெச்சுட்டா நின்னுடும். பையில தானா எரிஞ்சு துணி கருகறதும் இதுல நிக்கும்.

தட்டினா எரியுது, ஆட்டினா அணையுது

இது பெரும்பாலும் காசில்லாத வேலை. வால் மூடியக் கழட்டுங்க, மரையில கறுப்பா பிசுக்கு மாதிரி இருக்கும், அது அலுமினியத் தூளும் பழைய கிரீஸும் சேந்தது, துணியில ஸ்பிரிட் தொட்டு மரையையும் குழாயோட வெறும் ஓரத்தையும் பளிச்சுன்னு வர்ற வரைக்கும் தொடைங்க. ஸ்பிரிங் நுனி, செல்லோட ரெண்டு முனை, எல்லாத்தையும் பென்சில் ரப்பர் வெச்சுத் தேச்சு விடுங்க. அப்புறம் வால் மூடிக்குள்ள எட்டிப் பாத்தா ரெண்டு ஓட்டை போட்ட வளையம் ஒண்ணு தெரியும், சுவிட்சைப் புடிச்சிருக்கறது அதுதான். பைக்ல போட்டு ஆடி ஆடி அது லூஸ் ஆயிடும், ட்விசர் நுனிய ரெண்டு ஓட்டையில விட்டு வலப்பக்கம் சுத்தி இறுக்குங்க. பத்துல ஆறு லைட் இங்கயே சரியாயிடும்.

அப்பவும் ஆகலைன்னா, வால்ல சுவிட்ச் இருக்கற லைட்டா இருந்தா மூடிய எடுத்துட்டு, செல்லோட அடிப்பக்கத்தையும் குழாயோட வெறும் ஓரத்தையும் ஒரு துண்டு கம்பியால ஒரே சமயத்துல தொடுங்க. லைட் எரிஞ்சா கோளாறு சுவிட்சுல, அது தனியா கெடைக்கும், மாத்திக்கலாம். எரியலைன்னா தலைக்குள்ள இருக்கற போர்டுல, அதை ரிப்பேர் பண்ற ஆள்கிட்டக் குடுங்க.

பனியில அடிச்சா முன்னாடி வெள்ளையா செவுரு மாதிரி நிக்குது

மார்கழி, தை மாசத்துல இந்தப் புகார் கண்டிப்பா வரும். லைட்டுல ஒண்ணும் இல்ல, பனித்துளி மேல பட்ட வெளிச்சம் திரும்பி நம்ம கண்ணுக்கே வருது. பவரைக் கூட்டக் கூட்ட செவுரு தடிமனாகும். பவரைக் கொறைங்க, லைட்டைக் கண்ணுல இருந்து தள்ளிப் புடிங்க, இடுப்புக்குக் கீழ, கை நீட்டி. நெத்தியில கட்டற ஹெட்லைட் பனிக்கு சுத்தமா ஆகாது, வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்துலயே கெளம்புது.

பனியே இல்லாதப்பவும் இதே மாதிரி இருந்தா பரணைப் பாருங்க. முன்னாடி குறுக்க கட்டின மூங்கில், தொங்கற ஓலை, இல்ல கைக்குப் பக்கத்துல இருக்கற சோளத்தோகை, லைட்டோட ஓரத்து வெளிச்சம் அது மேல பட்டு பளீர்னு ஆகும், கண்ணு அதுக்கு ஏத்த மாதிரி சுருங்கிடும், தூரத்துல இருக்கறது இருட்டாயிடும். அந்த மூங்கில்ல கறுப்புத் துணி சுத்திட்டுப் பாருங்க, லைட்டே மாத்தின மாதிரி வித்தியாசம் தெரியும்.

வெளிச்சம் போகுது, ஆனா பன்னி இருக்கறதே தெரியல

இதை நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும், ஏன்னா இதுக்கு எந்த லைட் வாங்கினாலும் தீர்வு கெடையாது. மானு, நரி, காட்டுப்பூனை, சிறுத்தை இதுங்க கண்ணுக்குள்ள வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பற ஒரு படலம் இருக்கு, அதனால லைட் பட்டதும் ரெண்டு கண்ணு மின்னும், 200 மீட்டர்லயும் கண்டுபிடிச்சுடலாம். பன்னிக்கு அந்தப் படலம் கெடையாது. கண்ணு மின்னுதான்னு தேடிட்டே இருந்தா கூட்டமே நின்னாலும் தெரியாது.

அதனால தேடற விதத்தையே மாத்தணும். மின்னற கண்ணைத் தேடறப்ப லைட்டை நம்ம கண்ணுக்குப் பக்கத்துல, கன்னத்தோரமா வெச்சு அடிக்கணும், அப்பத்தான் திரும்பி வர்ற வெளிச்சம் நமக்கு எட்டும். பன்னிக்கு நேர் எதிர், லைட்டைக் கண்ணுல இருந்து ஒரு கை தூரம் தள்ளிப் புடிங்க, உருவத்துக்கு ஒரு பக்கம் நிழல் விழும், அந்த நிழல்தான் காட்டிக் குடுக்கும். செடி அசையறதைப் பாருங்க, லைட்டை வேகமா வீசாம ஒவ்வொரு சாலா நிறுத்தி நிறுத்திப் பாருங்க, சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு கேட்டுட்டு அப்புறம் அடிங்க.

லைட் நெறமும் இதுல சேரும். 6500 கெல்வின்னு இருக்கற நீல வெள்ளையில காஞ்ச தோகையும் பன்னியும் ஒரே சாம்பலா தெரியும், 5000 பக்கம் இருக்கற லைட்டுல பழுப்பு தனியா பிரியும். லூமன் கொஞ்சம் கம்மின்னாலும் நான் 5000தான் வாங்கச் சொல்வேன். செகப்பு வெளிச்சம் பன்னி கண்ணுக்கு மங்கலாத்தான் தெரியும், அதனால வெரட்டறதுக்கு வெள்ளை, சத்தமில்லாம பரண்ல ஏதாச்சும் எடுக்க வைக்க செகப்பு. செல்போனை நோண்டிட்டு நிமுந்து பாத்தா எந்த லைட்டுக்கும் ஒண்ணும் தெரியாது, கண்ணு இருட்டுக்கு முழுசா பழக 20, 30 நிமிஷம் ஆகும், போன் திரை ஒரு நொடியில அதைக் கலைச்சிடும்.

யானையா இருந்தா இந்த விளையாட்டே வேண்டாம். உருவம் தெரிஞ்சதும் லைட்டை மொகத்துல அடிக்காதீங்க, மினுக்கு மினுக்குன்னு அடிக்கற மோடை போடவே போடாதீங்க, கீழ எறங்காதீங்க, வனத்துறைக்குப் போன் பண்ணுங்க. பரண்ல அந்த ரேஞ்சர் ஆபீஸ் நம்பரை எழுதி ஒட்டி வெச்சிருக்கணும்.

சார்ஜே ஏறல

டைப் சி ஓட்டை இருக்கற லைட்டு, போனோட சார்ஜர்ல ரெண்டு முனையும் சி இருக்கற கேபிள்ல போட்டா ஏறாது, பழைய அகலமான யூஎஸ்பி முனை உள்ள கேபிள்ல போட்டா ஏறும். விலை கம்மியான லைட்டுங்கள்ல சார்ஜருக்கு அடையாளம் சொல்ற சின்ன ரெசிஸ்டரை விட்டுடறாங்க, அதான் காரணம், லைட் கெட்டுப்போகல.

நேரா பிளக் பின் வெச்ச, இல்ல ஒயர் சொருகற பெரிய சார்ஜ் லைட்டா இருந்தா உள்ள 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். அதைக் காலியா விட்டு வெச்சா தகட்டுல உப்புப் படிஞ்சு செத்துடும். முழுசா ஏத்தி ரெண்டு மணி நேரம் ஆறவிட்டு மீட்டர் வைங்க, 4.2 பக்கம் நிக்கணும், 4க்குக் கீழ போச்சுன்னா பேட்டரி மட்டும் மாத்துங்க. ஒரு எச்சரிக்கை, இந்த ரக விலை கம்மி லைட்டுங்கள்ல பலதுல டிரான்ஸ்ஃபார்மர் கெடையாது, வீட்டுக் கரண்ட் நேரா உள்ள வருது, சார்ஜ்ல இருக்கறப்ப எரிய விடறதோ ஒடைஞ்ச பாகத்துல கை வைக்கறதோ கூடாது, கொழந்தைங்க எட்டாத எடத்துல போடுங்க.

கண்ணாடிக்குள்ள ஆவி படிஞ்சிருக்கு

தண்ணி எறங்கியிருக்கு. ஒடனே செல்லை வெளிய எடுத்துடுங்க, தலையும் வாலும் கழட்டி ஒரு நாள் வெயில்ல வைங்க, செல்லு மட்டும் நெழல்ல. மரையில இருக்கற ரப்பர் வளையம் வெடிச்சிருந்தா மாத்துங்க, சிலிக்கான் கிரீஸ் லேசா தடவுங்க, கைக்குக் கெடைக்கற வண்டி கிரீஸ் சில ரப்பரை ஊத வெச்சுடும். அடுத்த தடவை வாங்கறப்ப ஐபிஎக்ஸ்4னா சாரலுக்கு மட்டும், ஐபிஎக்ஸ்7னா 1 மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்னு பாத்து வாங்குங்க.

அறுவடை முடிஞ்சு லைட்டை எடுத்து வைக்கறப்ப லித்தியம் செல்லை முழுசாவும் ஏத்த வேண்டாம், காலியாவும் விட வேண்டாம், 3.7, 3.8 வோல்ட்ல கழட்டி தனியா சூடில்லாத எடத்துல வைங்க. லெட் ஆசிட் லைட்டு மட்டும் நேர் எதிர், அதை முழுசா ஏத்தி வெச்சு மாசம் ஒரு தடவை மறுபடி சார்ஜ் போடுங்க.